ஆறு மாசமா சொல்லிக்குடுக்கற பையன், இப்ப நான் ஊரை விட்டுப் போகணும். என்ன பண்றது?

புதன்மாலை:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க. நகரத்துக்கு நடுவுல நெருக்கமா வீடுங்க இருக்கற பகுதி ஒண்ணுல சாயங்கால வகுப்பு நடத்துறாங்க, நான் அங்க வாரா வாரம் புதன்கிழமை போய்ட்டிருக்கேன். ஆளுக்கு ஒரு பிள்ளைன்னு பிரிச்சு விட்டிருக்காங்க. எனக்கு வந்தவன் ஏழாவது படிக்கறான், பன்னெண்டு வயசு. இங்க அவனை தம்பின்னே சொல்றேன். அப்பா கூட இல்ல, அம்மா ராத்திரி ஷிஃப்ட் வேலை, வீடு ஒரே ரூம்.

முதல் நாலு மாசம் அருமையா போச்சு. நான் படி ஏறும்போதே எதிர்ல வந்து பையை வாங்கிக்குவான், ஸ்கூல்ல நடந்ததெல்லாம் ஒண்ணு விடாம சொல்லுவான். நடுவுல ஆபீஸ் வேலையா ரெண்டு வாரம் என்னால போக முடியல, அப்புறம் திரும்ப போக ஆரம்பிச்சிட்டேன், ஆனா கொஞ்ச நாளா பையன் ஆளே மாறிட்டான். கதவு ஓரமா உக்காந்துக்கறான், கண்ணு வெளியவே இருக்கு, எது கேட்டாலும் "ம்", "தெரியாது" அவ்ளோதான். ஸ்கூல்ல பின்னம், சமன்பாடு எல்லாம் வந்துடுச்சு, நான் எத்தனை விதமா சொன்னாலும் ஏறவே மாட்டேங்குது.

இதுல எனக்கு இன்னும் நாலு மாசத்துல வேற ஊருக்கு மாத்தல். அவனுக்கும் பிடிக்கல, நானும் போகப் போறேன், அப்ப இப்பவே நிறுத்திட்டு வேற நல்ல ஆளுக்கு இடம் விட்டா என்னன்னு தோணுது. அவன்கிட்ட என்னன்னு சொல்றது? போறப்போ காலேஜ் செலவை நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போனா அவனுக்கு ஒரு தெம்பா இருக்குமான்னும் யோசிக்கறேன். இதுல பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க.

பழைய_கரும்பலகை:
தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. மத்ததை அப்புறம் பேசலாம், முதல்ல ஒரு கேள்வி. அவனுக்கு ஏழாவது கணக்கு ஏறலைன்னு சொல்றீங்களே, மூணாவது கணக்கு ஏறியிருக்கான்னு பாத்தீங்களா? 402-ல 178 போனா எவ்வளவுன்னு எழுதிக் குடுங்க. நீங்க பேசாதீங்க, அவன் பென்சில் எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க.

மூணாவது_மாடி:
அண்ணா, நீங்க எழுதினதுல ஒரு வரியில நான் அப்படியே நின்னுட்டேன். "ரெண்டு வாரம் என்னால போக முடியல". அந்த ரெண்டு வாரமும் வரமாட்டேன்னு அவன்கிட்ட முன்னாடியே சொன்னீங்களா?

நானும் இப்படி ஒரு வகுப்புல படிச்சு வந்தவதான். எனக்கு ஒரு அக்கா வந்தாங்க. அஞ்சு மாசம், ஒரு சனிக்கிழமை விடாம வந்தாங்க. அப்புறம் ஒரு வாரம் வரல, அடுத்த வாரமும் வரல. யாரும் எதுவும் சொல்லல. நான் அந்த நேரத்துக்குக் கரெக்டா பெஞ்சுல போய் உக்காந்துருப்பேன், ஸ்லிப்பரைக் கழட்டி அவங்க ஸ்லிப்பருக்கும் இடம் விட்டு வைப்பேன். அதுக்கு முந்தின வாரம்தான் நான் ஒரு டெஸ்ட்ல ஃபெயில் ஆன பேப்பரை அவங்ககிட்ட காட்டியிருந்தேன். அதனாலதான் வரலன்னு ரொம்ப வருஷம் நம்பிட்டிருந்தேன். அவங்களுக்குக் கல்யாணம் ஆகி வெளியூர் போனாங்கன்னு எனக்குத் தெரிஞ்சது நான் காலேஜ் சேர்ந்த பிறகு.

உங்க தம்பிக்கு உங்களைப் பிடிக்காம போயிடுச்சுன்னு எனக்குத் தோணல. நீங்க திரும்பவும் காணாம போனா வலிக்கக்கூடாதுன்னு இப்பவே தள்ளி நிக்கறான், எனக்கு அப்படித்தான் படுது.

புதன்மாலை:
மூணாவது மாடி, இதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியலம்மா. இல்ல, நான் அவன்கிட்ட சொல்லல. செண்டர்ல பொறுப்பா இருக்கவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டேன், அவங்க சொல்லிடுவாங்கன்னு விட்டுட்டேன். திரும்பி வந்தப்பவும் "எப்படிடா இருக்க"ன்னு கேட்டுட்டு புக்கைத் திறந்துட்டேன்.

எண்கணக்கு:
இந்த விஷயத்தை அமெரிக்காவுல நல்லா ஆராய்ஞ்சு பாத்திருக்காங்க. பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்னு ஒரு அமைப்பு, 1904-ல நியூயார்க்ல குழந்தைகள் நீதிமன்றத்துல எழுத்தரா இருந்த எர்னஸ்ட் கோல்ட்டர் ஆரம்பிச்சு வெச்சது. கோர்ட்டுக்கு வர்ற பசங்களைப் பாத்துப் பாத்து மனசு கேக்காம, ஒரு பையனுக்கு ஒரு பெரியவர் துணையா இருந்தா போதும்னு ஆளுங்களைக் கூப்பிட்டார். அந்த அமைப்பைப் பத்தி 1995-ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. 10 வயசுலேர்ந்து 16 வயசு வரை 959 பிள்ளைங்க, குலுக்கல் மாதிரி பாதிப் பேருக்கு உடனே துணை, மீதிப் பேர் காத்திருப்போர் லிஸ்ட்ல. 18 மாசம் கழிச்சுப் பாத்தா துணை கிடைச்ச பிள்ளைங்க போதைப் பொருளை முதல் தடவை தொடுறது 46 சதவீதம் குறைவு, ஸ்கூலுக்கு மட்டம் போடறது 52 சதவீதம் குறைவு. மார்க் மட்டும் கொஞ்சூண்டுதான் ஏறிச்சு, அதையும் சொல்லிடணும்.

ஆனா உங்க கேள்விக்கு முக்கியமானது வேற. அதே பிள்ளைங்க விவரத்தை வெச்சு ஜீன் கிராஸ்மேன், ஜீன் ரோட்ஸ்னு ரெண்டு பேர் 2002-ல இன்னொரு கட்டுரை போட்டாங்க. ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ நீடிச்ச ஜோடிகள்லதான் பலன் அதிகமா தெரிஞ்சது. மூணு மாசத்துக்குள்ள முறிஞ்சு போன பிள்ளைங்க தன்னைப் பத்தி வெச்சிருந்த மதிப்பும், படிப்பு வரும்ங்கற நம்பிக்கையும் முன்ன இருந்ததை விட கீழ போயிருந்துச்சு. பாதியில அறுந்த துணை சும்மா பலனில்லாம போறதில்ல, சில பிள்ளைங்களைக் காயப்படுத்திட்டும் போயிடுது. உங்களுக்கு ஆறு மாசம் முடிஞ்சிருக்கு, கையில இன்னும் நாலு மாசம் இருக்கு. நான்னா அந்த நாலு மாசத்துல ஒரு வாரத்தைக் கூட விடமாட்டேன்.

நேர்க்கோடு:
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். நீங்க எல்லாரும் நல்ல மனசோட பேசறீங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா எனக்கு ஒரு கோபம் இருக்கு. ஒரே ரூம்ல நாலஞ்சு பேர், ராத்திரி வெளிச்சத்துல படிக்க இடமில்ல, வாடகை ஏத்துனா வீடு மாறணும், வீடு மாறுனா நடு வருஷத்துல ஸ்கூல் மாறணும், புது ஸ்கூல்ல இவன் எந்தப் பாடத்துல நிக்கறான்னு கேக்க ஆள் கிடையாது. இவ்ளோத்தையும் வாரம் ஒரு மணி நேரம் வந்து போற ஒரு நல்லவர் சரி பண்ணிடுவார்னு நம்ப வைக்கறது தப்பு. அந்தப் பிள்ளைங்களுக்கு வேணுங்கறது நல்ல பள்ளிக்கூடம், போதுமான டீச்சர், அம்மாவுக்குப் பகல் நேர வேலை. இந்தத் தொண்டு எல்லாம் செய்ய வேண்டியவங்க செய்யாம தப்பிச்சுக்கறதுக்கு வழி விடுதோன்னு பயமா இருக்கு.

சாவி_என்கிட்ட:
நேர்க்கோடு சார் சொல்றதுல பெரும்பகுதி உண்மை. நான் இதே மாதிரி ஒரு செண்டரைப் பாத்துக்கறேன், பதினோரு வருஷமா ரூம் சாவி என்கிட்டதான். வீடு மாறிப் போன பிள்ளைங்க பேரை அட்டெண்டன்ஸ்ல அடிக்கும்போது எனக்கும் அந்தக் கோபம்தான் வரும்.

ஆனா ஒண்ணு, ரெண்டையும் எதிரும் புதிருமா வெக்க வேண்டியதில்ல சார். சிகாகோவுல பண்ணினதைப் பாருங்க. வறுமையான பகுதி ஹைஸ்கூல்கள்ல ஒன்பதாவது பத்தாவது பிள்ளைங்களுக்கு, ஸ்கூல் டைம்டேபிள்ளயே தினமும் ஒரு பீரியட், ஒரு டியூட்டருக்கு ரெண்டே ரெண்டு பிள்ளைங்க, கணக்கு மட்டும். டியூட்டர்ங்க பெரிய பயிற்சி எடுத்த டீச்சர்ங்க கூட இல்ல, பெரும்பாலும் காலேஜ் முடிச்ச இளைஞர்கள், சின்ன உதவித்தொகையில வந்தவங்க. வழக்கமா ஒரு வருஷத்துல கத்துக்கற கணக்கைப் போல ரெண்டு மடங்கு மூணு மடங்கு கத்துக்கிட்டாங்கன்னு ஆய்வு சொல்லுச்சு. அந்த வயசுக்கு மேல தேத்த முடியாதுன்னு கைவிட்ட பிள்ளைங்க அவங்க. அது தொண்டா இல்லாம ஸ்கூல் நேரத்துக்குள்ள, செலவுக் கணக்குக்குள்ள வந்ததாலதான் நடந்துச்சு. அதைத்தான் நாம எல்லா இடத்துலயும் கேக்கணும். கேக்கற வரைக்கும் இந்தப் பன்னெண்டு வயசுப் பையன் காத்திருக்க மாட்டான், அவன் அடுத்த வருஷம் எட்டாவது போயிடுவான்.

புதன்மாலை, உங்ககிட்டயும் சில விஷயம். காலேஜ் செலவுன்னு வாக்கு குடுத்துட்டுப் போறதை மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க. யூஜின் லாங்னு ஒரு தொழிலதிபர் 1981-ல நியூயார்க் ஈஸ்ட் ஹார்லெம்ல தான் படிச்ச ஸ்கூலுக்கு விழாவுக்குப் போய், அங்க ஆறாவது முடிச்ச 61 பிள்ளைங்ககிட்ட, நீங்க ஹைஸ்கூல் முடிங்க, காலேஜ் கட்டணத்தை நான் கட்டறேன்னு சொன்னார். எல்லாரும் அந்த வாக்கைத்தான் பேசுவாங்க. ஆனா அவர் வாக்கு குடுத்துட்டுக் கார் ஏறிப் போயிடல. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா அந்தப் பிள்ளைங்க கூட தொடர்புல இருந்தார், பிள்ளைங்களைப் பாத்துக்கறதுக்குன்னே ஆள் போட்டார். பணம் அந்தக் கதையில கடைசியில வர்றது. நடுவுல இருக்கற ஆறு வருஷத்துக்கு யாரு கூட இருக்கறதுன்னு யோசிச்சுட்டுத்தான் அந்த மாதிரி பேச்சை எடுக்கணும்.

அப்புறம், அவனுக்குப் பணம் கைல குடுக்கறது, தனியா வெளிய கூட்டிட்டுப் போறது இதெல்லாம் வேணாம், செண்டருக்கும் அம்மாவுக்கும் தெரிஞ்சு எல்லாரும் பாக்கற இடத்துல நடக்கட்டும். இது எல்லாருக்கும் உள்ள விதிதான், நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னு தெரியும்.

புதன்மாலை:
நேத்து போய்ட்டு வந்தேன். டீச்சர் சொன்ன கணக்கைக் குடுத்தேன். 376-ன்னு எழுதினான். ஒரு நொடி கூட யோசிக்கல, கடகடன்னு எழுதிட்டான். அது எப்படி வந்துச்சுன்னு எனக்குப் புரியவே இல்ல.

பழைய_கரும்பலகை:
நினைச்சேன். அவன் பண்ணினதை அவன் கண்ணால பாருங்க தம்பி. 2-லேர்ந்து 8 போகாது, அதனால 8-லேர்ந்து 2-ஐ எடுத்து 6 போட்டுட்டான். 0, 7 இருக்கு, 7 போட்டான். 4-ல 1 போனா 3. ஒவ்வொரு வரிசையிலயும் பெருசுலேர்ந்து சிறுசை எடுத்திருக்கான். அவனுக்குன்னு ஒரு விதி இருக்கு, அதைத் துளி பிசகாம பண்றான். யோசிக்கத் தெரியாத பிள்ளை இல்ல, கடன் வாங்கறதுன்னா என்னன்னு யாரும் அவன் கையில குடுத்துக் காட்டல. மூணாவதுல அந்தப் பாடம் நடந்தப்போ அவன் லீவோ, வீடு மாறினானோ தெரியாது. அதுக்கு மேல நாலு வருஷத்துப் பாடத்தை அடுக்கிட்டாங்க, இப்ப சமன்பாட்டுல வந்து சரியுது.

குச்சிங்களைப் பத்துப் பத்தா கட்டுங்க. பத்துக் கட்டைச் சேத்து ஒரு பெரிய கட்டு, அது நூறு. நாலு பெரிய கட்டு, ரெண்டு உதிரிக் குச்சி, இதுதான் 402. எட்டுக் குச்சி எடுடான்னு சொல்லுங்க. ரெண்டுதான் இருக்கேம்பான். சொல்லிக் குடுத்துடாதீங்க, வாயை மூடிட்டு இருங்க. அவனே ஒரு பெரிய கட்டைப் பிரிப்பான், பத்து சின்னக் கட்டு வரும், அதுல ஒண்ணை அவிழ்ப்பான். இப்ப மூணு நூறு, ஒன்பது பத்து, பன்னெண்டு உதிரி. 178-ஐ எடுத்தா மிச்சம் 224. நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்காது. ரப்பர் பேண்ட் அறுந்து தெறிக்கும், அதுக்கு மட்டும் ரெண்டு அதிகமா வெச்சுக்குங்க.

ஏழாவதுக்கு மூணாவது கணக்கான்னு அவன் கூனிக் குறுகாம பாத்துக்கறது உங்க பொறுப்பு. "இந்த ஒரு இடம்தான் விட்டுப் போயிருக்கு, இதைப் பிடிச்சிட்டா நீ மேல உள்ளதையும் பிடிச்சிடுவ, எனக்கு நல்லா தெரியும்"னு சொல்லுங்க. நீங்க மனசார நம்பிச் சொன்னா போதும், பிள்ளைங்க அதை முகத்துலயே படிச்சிடும்.

எண்கணக்கு:
டீச்சர் சொல்ற முறைக்கு மும்பையில ஒரு பெரிய சான்று இருக்கு. பிரதம் அமைப்பு 1995-ல அங்க குடிசைப்பகுதிப் பிள்ளைங்களுக்காகத் தொடங்கினது. அதே பகுதியிலயே படிச்ச இளம்பெண்களை பால்சகின்னு பேர் வெச்சு மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அனுப்பினாங்க. மூணாவது நாலாவதுல பின்தங்கின பிள்ளைங்க 15, 20 பேரைத் தனியா உக்கார வெச்சு தினமும் ரெண்டு மணி நேரம், வகுப்புப் பாடத்தை விட்டுட்டு எழுத்துக் கூட்டறது, எண்ணறதுன்னு அடிப்படையிலேர்ந்து. மும்பையிலயும் குஜராத்ல இருக்கற வடோதராவுலயும் பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு அதை அளந்து பாத்து 2007-ல வெளியிட்டாங்க, மார்க் நல்லாவே ஏறியிருந்துச்சு, அதுவும் ரொம்பப் பின்னாடி இருந்த பிள்ளைங்களுக்குத்தான் அதிகமா. வயசைப் பாக்காம பிள்ளை எந்தப் படியில நிக்குதோ அந்தப் படியிலேர்ந்து தொடங்கறதுங்கறது இப்ப பல நாடுகள்ல நடைமுறையில இருக்கு.

நேர்க்கோடு:
இது எனக்குப் புதுசு. அதே பகுதிப் பெண்களுக்கு வேலை, பள்ளிக்குள்ளயே வகுப்பு. இப்படின்னா நான் எதிர்க்க மாட்டேன். என் ஃப்ரெண்டு ஒருத்தர் பள்ளி நிர்வாகக் குழுவுல இருக்கார், அவர்கிட்ட பேசறேன். பீரியட் ஒதுக்க முடியுமான்னு கேக்கறதுல தப்பில்லையே.

மூணாவது_மாடி:
அண்ணா, அவன் கதவு ஓரமாவே ஏன் உக்காந்துக்கறான்னு கேட்டீங்களா?

புதன்மாலை:
கேட்டேன் மா. ஆனா அதுக்கு முன்னாடி மன்னிப்பு கேட்டேன். "அந்த ரெண்டு வாரம் நான் வரமாட்டேன்னு உங்கிட்ட சொல்லியிருக்கணும்டா, சொல்லாதது என் தப்பு, உன்மேல எந்தக் கோபமும் இல்ல"ன்னு. அவன் ஒண்ணும் சொல்லல, ரப்பரை டேபிள்ல தேய்ச்சுட்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு, "உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்" அப்படின்னான். அதுக்கு மேல என்னால உடனே பேச முடியல.

கதவு விஷயம் எனக்குத் தோணவே இல்ல பாருங்க. அவனுக்கு ஒரு தங்கச்சி, ஆறு வயசு. முன்னாடி பக்கத்து வீட்டுல விட்டுட்டு வருவான், அவங்க காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க. இப்ப அவளைக் கூட்டிட்டு வந்து கீழ படிக்கட்டுல உக்கார வெச்சிட்டு, கதவு வழியா தலை தெரியுதான்னு பாத்துட்டே இருந்திருக்கான். எழுதறதுல எங்க மனசு போகும். செண்டர்ல கேட்டா விடமாட்டாங்கன்னு அவனே முடிவு பண்ணி யார்கிட்டயும் சொல்லல.

சாவி_என்கிட்ட:
இதைத்தான் நான் புதுசா வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றது. வராத பிள்ளை, கவனிக்காத பிள்ளைன்னு நாம எழுதி வெக்கறதுல பாதிப் பேர் வீட்டுல இன்னொரு சின்னப் பிள்ளையைப் பாத்துக்கறாங்க. எங்க செண்டர்ல ஒரு மூலையில பாய் விரிச்சு, கலர் பென்சில் போட்டு வெச்சிட்டோம், தம்பி தங்கச்சி வந்தா உக்காரட்டும்னு. அதுக்கப்புறம் பெரிய பொண்ணுங்க வர்றதே கூடிடுச்சு. உங்க செண்டர்ல கேளுங்க, பெரிய செலவே கிடையாது.

மாத்தல் விஷயத்தை இன்னும் தள்ளிப் போடாதீங்க. தேதியைச் சொல்லுங்க. காலண்டர்ல வட்டம் போட்டு, இன்னும் எத்தனை புதன்கிழமைன்னு அவனையே எண்ணச் சொல்லுங்க. கடைசி நாலு வாரம் புதுசா வர்றவங்களும் கூடவே உக்காரட்டும், அவனைப் பத்தி நீங்க அவங்களுக்குச் சொல்றதை விட அவனே சொல்லட்டும், எனக்கு எது தெரியும், எது இன்னும் தெரியாதுன்னு. போன பிறகும் மாசம் ஒரு தடவை செண்டர் ஃபோன்ல பேச முடியும்னா மட்டும் பேசறேன்னு சொல்லுங்க. முடியாதுன்னா சொல்லவே சொல்லாதீங்க.

புதன்மாலை:
மூணு மாசத்துக்கு அப்புறம் எழுதறேன், கேட்டவங்க ரெண்டு பேருக்காக.

தேதியைச் சொன்னேன். அன்னிக்கு அழல, கோபப்படல, புக்கை மூடிட்டு முன்னாடியே கிளம்பிட்டான். அடுத்த புதன் வரமாட்டான்னுதான் நினைச்சேன், வந்தான், தங்கச்சியோட. அவளுக்கு மூலையில இடம் குடுத்திருக்காங்க, அவன் இப்ப டேபிளுக்கு நடுவுல உக்காரறான். கடன் வாங்கறது மூணே வாரத்துல பிடிச்சிட்டான். அவிழ்த்த கட்டை எல்லாம் திரும்ப அவனே கட்டி வெச்சிட்டுத்தான் போவான். பின்னம் பாதி வந்திருக்கு, சமன்பாடு இன்னும் தடுமாறுது. ஸ்கூல் பரீட்சையில பெரிய மாற்றம் ஒண்ணும் இல்ல, பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் கீழதான். அதை மறைக்க விரும்பல.

எனக்குப் பதிலா வர்றவங்க ஒரு மேடம், போன புதன்லேர்ந்து எங்க கூட உக்காரறாங்க. அவன் நோட்டோட கடைசிப் பக்கத்துல 402-178 அந்தப் பழைய 376-ஓட அப்படியே இருந்துச்சு, அதை எடுத்து அவங்ககிட்ட காட்டி, "நான் முன்னாடி இப்படிப் போடுவேன், ஏன்னு சொல்லுங்க பாப்போம்"னு கேட்டான். அவங்க யோசிச்சாங்க. அவன் விடை சொல்லாம, குச்சிக் கட்டை அவங்க பக்கம் தள்ளிட்டு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டான்.

கிளம்பறப்போ படிக்கட்டு வரைக்கும் வந்தான். "அந்த மேடம் வர முடியலன்னா முன்னாடியே சொல்லுவாங்களா?"ன்னு கேட்டான். நீயே அவங்ககிட்ட கேளுடான்னேன். மேல போய்க் கேட்டுட்டு வந்தான்.

இன்னும் மூணு புதன் இருக்கு.